சூரியப் புள்ளி கூடினால் அலைவரிசை திறந்துவிடுமா? அயனி மண்டலம் பற்றிக் கேள்வி பதில்

தாம்பரம் ஹாம் (அமெச்சூர் வானொலி ஆர்வலர்) ஒருவர்: சார், அயனி மண்டலத்தில், அதாவது ரேடியோ அலையைத் திருப்பி அனுப்பும் மேல் வளிமண்டலப் பகுதியில், பட்டு டில்லிக்கு மதியம் 16 மெகாஹெர்ட்ஸ் வரை போகும் என்று கணிப்பு சொல்கிறது. நான் 14.2-இல்தான் கூப்பிடுகிறேன். சில நாள் ஒன்றுமே கேட்பதில்லை. ஆன்டெனா கோளாறா?

ஆன்டெனாவில் கை வைக்க வேண்டாம். அந்த 16 மாத இடைநிலை, அதாவது மீடியன். மாதத்தில் பாதி நாள் அதற்கு மேல், பாதி நாள் அதற்குக் கீழ். பத்தில் ஒன்பது நாள் கைகொடுக்கும் அதிர்வெண் வேண்டுமென்றால் 0.85-ஆல் பெருக்குங்கள்: 13.6. உங்கள் 14.2 அதைத் தாண்டிவிட்டது. மாதத்தில் ஐந்து நாள் போல ஏமாற்றினால் அது கணக்கில் வருவதுதான். அப்படிப்பட்ட நாளில் 7.1-க்கு இறங்கலாம். ஆனால் அயனி மண்டலத்தின் அடியில் உள்ள டி அடுக்கின் உறிஞ்சல் அதிர்வெண்ணின் வர்க்கத்துக்குத் தலைகீழாகப் போவதால் அங்கே இழப்பு ஏறக்குறைய நான்கு மடங்கு. உச்சி வெயிலில் முயலாதீர்கள், நான்கு மணிக்கு மேல் கூப்பிடுங்கள்.

கிண்டி, முதுகலை மாணவி: தினசரி சூரியப் புள்ளி எண்ணையும் அயனி மண்டலத்தின் மேல் அடுக்கான எஃப்2-இன் மாறுநிலை அதிர்வெண்ணையும் (நேர் மேலே அனுப்பினால் திரும்பி வரும் மிக உயர்ந்த அதிர்வெண்) எக்செல்லில் போட்டேன். ஒட்டுறவு (கோரிலேஷன்) 0.2-தான் வருகிறது. சூரியன்தான் எல்லாம் என்று பாடத்தில் இருக்கிறதே?

பாடமும் சரி, உங்கள் எக்செல்லும் சரி. அடுக்கின் சராசரி நிலையைச் சூரியன் வைக்கிறது. இன்றைக்கும் நாளைக்கும் உள்ள வித்தியாசத்தில் காந்தப் புயல், கீழ் வளிமண்டலத்திலிருந்து ஏறிவரும் அலைகள், நடுநிலைக் காற்று, நம் பக்கம் பகலில் பிளாஸ்மாவை மேலே தூக்கும் மின்புலம் என்று பலருக்கும் பங்கு.

அயனியாக்குவது புற ஊதாக் கதிர், புள்ளி அல்ல. அதனால் அந்தக் கதிரோடு சேர்ந்து ஏறி இறங்கும் 10.7 செ.மீ. ரேடியோப் பாய்மத்தை, அதாவது அந்த அலைநீளத்தில் சூரியனிலிருந்து வரும் ரேடியோ அலையின் அளவை, எடுங்கள். அன்றைய மதிப்பையும் 81 நாள் சராசரியையும் கூட்டி இரண்டால் வகுத்தால் நல்ல குறியீடு கிடைக்கும். 81 என்பது சூரியனின் மூன்று சுழற்சி.

இங்கே மூன்று இடத்தில் வழுக்கும். பட்டியலில் ‘அளந்த’ மதிப்பு, ‘திருத்திய’ மதிப்பு என்று இரண்டு உண்டு. திருத்தியது பூமி எப்போதும் ஒரே தூரத்தில் இருப்பதாகக் கொண்டது. நம் அயனி மண்டலத்துக்கு வந்து சேர்வது அளந்ததுதான். ஜனவரியிலும் ஜூலையிலும் வித்தியாசம் 3 சதவீதத்தைத் தாண்டும். அடுத்து நேரம். கனடாவின் பென்டிக்டனில் எடுக்கும் முதன்மை அளவீடு உலக நேரம் 20 மணிக்கு, நமக்கு மறுநாள் விடியற்காலை 1.30. சென்னையின் நண்பகல் அளவுக்கு முந்தைய தேதியின் பாய்மத்தைப் பொருத்துங்கள், ஒரு நாள், இரண்டு நாள் தள்ளியும் பாருங்கள். மூன்றாவது, நேர்கோடு போடாதீர்கள். புள்ளி எண் 150-ஐ ஒட்டி வளைவு தட்டையாகத் தொடங்கும், இருபடிக் கோவை பொருந்தும்.

இன்னொன்று: எலெக்ட்ரான் அடர்த்தி அதிர்வெண்ணின் வர்க்கம். அதிர்வெண்ணில் 10 சதவீத ஏற்ற இறக்கம் அடர்த்தியில் சுமார் 20. எதன் சிதறலைச் சொல்கிறீர்கள் என்று எழுதாத அட்டவணையை நான் நம்புவதில்லை.

அதே மாணவி: விடுபட்ட மதிப்புகளுக்குச் சராசரி போட்டு நிரப்பலாமா?

கூடவே கூடாது. அயனோசோண்ட், அதாவது ரேடியோத் துடிப்பை மேலே அனுப்பி எதிரொலியை அளக்கும் கருவி, தரும் அட்டவணையில் எழுத்துகள் இருக்கும். ‘சி’ என்றால் கருவி நின்றது, விட்டுவிடலாம். ‘டி’ என்றால் உண்மை மதிப்பு இதைவிட அதிகம். இடைநிலைக்கு வரிசைப்படுத்தும்போது அதை மேல் பாதியில் வைக்க முடியும், சராசரிக்கு அது உதவாது. ‘எஃப்’ என்றால் எதிரொலி சிதறிவிட்டது. நம் பக்கம் இரவு 8 முதல் நள்ளிரவு வரை, அதுவும் சூரியப் புள்ளி அதிகமுள்ள ஆண்டுகளில், ‘எஃப்’ குவியும். மிஞ்சிய பத்து நாளை வைத்து மாத இடைநிலை போட்டால் அமைதியான நாள்களின் கதை மட்டுமே வரும். ஒவ்வொரு இடைநிலைக்கும் பக்கத்தில் நாள் எண்ணிக்கையைப் போடுங்கள்.

அம்பத்தூர் வாசகர்: பழைய கணிப்பு நிரல் எப்போதும் கூடுதலாகவே காட்டுகிறது, ஏன்?

2015 ஜூலையில் சூரியப் புள்ளி எண்ணின் அளவுகோலையே மாற்றினார்கள். பழைய நிரலுக்குப் புது எண்ணை 0.7-ஆல் பெருக்கிக் கொடுங்கள். அதுவும் அன்றைய எண் அல்ல, சீராக்கிய மாத எண்.

காசிமேடு, விசைப்படகு உரிமையாளர்: அண்ணே, மார்ச் மாசம் ராத்திரி எட்டு மணிக்கு ஜிபிஎஸ்ல சாட்டிலைட் ஒவ்வொண்ணா போயிடுது. காலைல சரியாயிடுது. மெஷின மாத்தணுமா?

மெஷின் நல்லாதான் இருக்கு. சூரியன் மறைந்த பிறகு காந்த நடுக்கோட்டை ஒட்டி அயனி மண்டலத்தில் குமிழிகள் கிளம்பும். அவற்றைக் கடக்கும் சிக்னல் நடுங்கும். அந்தக் கோடு தமிழ்நாட்டின் தென்முனையை ஒட்டிப் போகிறது. மார்ச்-ஏப்ரல், செப்டம்பர்-அக்டோபரில் அதிகம், சூரியப் புள்ளி உச்சத்தில் இருக்கும் ஆண்டுகளில் மிக அதிகம். குமிழி வானம் முழுக்க ஒரே சமயத்தில் மூடுவதில்லை. ஆகவே ஜிபிஎஸ்ஸோடு மற்ற நாட்டுச் செயற்கைக்கோள்களையும் பிடிக்கும் கருவி வாங்கினால் தாக்குப்பிடிக்கும். துறைமுக வாய்க்குள் நுழையும்போது ராடாரையும் விளக்கையும் பாருங்கள், திரையை மட்டும் நம்பாதீர்கள்.

சிறுசேரி, நில அளவையாளர்: ஒற்றை அதிர்வெண் கருவியில் பிழை எவ்வளவு?

ஜிபிஎஸ்ஸின் எல்1 அதிர்வெண்ணில் ஒரு டெக் அலகுக்கு (சிக்னல் வழியில் உள்ள மொத்த எலெக்ட்ரான்களை எண்ணும் அலகு) 16 செ.மீ. தாமதம். பிற்பகல் 100 அலகு என்றால் செங்குத்தாகவே 16 மீட்டர். அடிவானத்தை ஒட்டித் தாழ்வாகத் தெரியும் செயற்கைக்கோளுக்கு இன்னும் கூடும். இந்தியாவின் நாவிக் செயற்கைக்கோள் அமைப்பின் எல்5 அதிர்வெண்ணில் அலகுக்கு 29 செ.மீ., எஸ் பட்டையில் 6.5 செ.மீ. இரண்டின் வித்தியாசத்திலிருந்தே தாமதத்தைக் கழித்துவிடலாம். ஆர்டிகே (அருகில் ஒரு நிலையக் கருவியை வைத்து உடனுக்குடன் திருத்தும் முறை) என்றால் நிலையக் கருவிக்கும் உங்கள் கருவிக்கும் இடையிலான தூரத்தைச் சுருக்கி, காலை 10 மணிக்குள் வேலையை முடித்துவிடுங்கள்.