வாசகர் கேள்வி–பதில்: பொதிகை உச்சி

பொதிகைமலையும் அகத்தியமலையும் ஒன்றுதானா? உச்சி நம் மாநிலத்தில் இல்லை என்கிறார்களே? (தென்காசி வாசகர்)

ஒன்றுதான். ஆனால் இன்றைய பேச்சில் சின்ன வேறுபாடு உண்டு. செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே நீளும் மலைத்தொடர் முழுவதையுமே பொதிகை என்று சொல்லிவிடுகிறோம். கூம்பு போல் தனித்து எழும் 1,868 மீட்டர் உச்சிதான் அகத்தியமலை. கேரளத்தில் அதற்கு அகஸ்தியகூடம் என்று பெயர். உச்சி இருப்பது திருவனந்தபுரம் மாவட்டத்தில், நெய்யாறு வனவிலங்கு சரணாலயத்துக்குள். அதன் கிழக்குச் சரிவு களக்காடு–முண்டந்துறை புலிகள் காப்பகத்தில் சேர்கிறது.

அகத்தியர் தங்கிய இடம் என்ற தொன்மத்தால் அவர் பெயர் வந்தது. சங்கப் பாடல்களில் 'பொதியில்' என்றே வரும். புறநானூற்றின் 128ஆம் பாட்டு ஆய் வள்ளலின் மலையை 'மழைதவழ் பொதியில்' என்கிறது. ஆடுமகள் அங்கே போய்விடலாம், பெருமை மிக்க மன்னர்களுக்கு அணுகுவது அரிது என்றும் சொல்கிறது. மேகமும் எட்டாத் தொலைவும் அன்றே பதிவாகிவிட்டன.

ஜூலையில் அம்பாசமுத்திரத்தில் வெயில் அடிக்கிறது; மலை மட்டும் நாள் முழுக்கக் கருத்துக் கிடக்கிறது. ஏன்? (அம்பாசமுத்திரம் வாசகர்)

உச்சியிலிருந்து அரபிக்கடல் நேர்க்கோட்டில் ஏறக்குறைய 40 கி.மீ. தூரம்தான். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று கடல் ஈரத்தைச் சுமந்து வந்து மேற்குச் சுவரில் மோதுகிறது. மேலே ஏறும் காற்று குளிர்ந்து மழையாகக் கொட்டிவிடுகிறது. முகட்டைத் தாண்டி இறங்கும்போது அதே காற்று சூடாகி உலர்ந்துவிடும். அதனால்தான் உங்களுக்கு மலையில் மேகமும் ஊரில் வெறும் காற்றும். முகட்டை ஒட்டிய பகுதிக்குச் சாரல் கிடைக்கும். மலையடியைத் தாண்டினால் அதுவும் குறைந்துவிடும்.

அக்டோபரில் காற்று திசை மாறுகிறது. வடகிழக்குப் பருவக்காற்று வங்கக்கடல் ஈரத்தோடு கிழக்குச் சரிவில் வந்து முட்டும். மாஞ்சோலை மலையில் ஊத்து, நாலுமுக்கு, காக்காச்சி என்று மழைக் கணக்கில் அடிக்கடி படிக்கிற பெயர்கள் எல்லாம் இந்தச் சரிவைச் சேர்ந்தவை. ஏப்ரல், மே மாதங்களில் கோடை இடிமழை தனி. ஆக, ஓரளவு உலர்ந்த காலம் என்றால் ஜனவரி முதல் மார்ச் வரைதான். தாமிரபரணி வற்றாமல் ஓடுவதற்கு இந்த இரட்டை மழையே காரணம். பெய்ததைப் பிடித்துவைத்து மெல்ல மெல்ல விடுவது மேலே உள்ள சோலைக்காடு. காடு போனால் மழை எவ்வளவு பெய்தும் பயனில்லை, வெள்ளமாக வந்து போய்விடும்.

குளிரையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி குறையும். அடிவாரத்தில் 32 டிகிரி என்றால் உச்சியில் 20 டிகிரி அளவு. காற்று ஓயாத பாறை அது. நனைந்த சட்டையோடு நின்றால் அந்த 20 டிகிரியிலும் உடம்பு நடுங்கும். உச்சியை ஒட்டிய மரங்கள் குட்டையாக, தடித்த சிறு இலைகளோடு நிற்பதற்கும் அந்தக் காற்றே முக்கியக் காரணம்.

இந்த வானிலையை அளக்க 1855லேயே உச்சியில் ஓர் ஆய்வகம் கட்டினார் ஜான் ஆலன் ப்ரௌன். திருவனந்தபுரம் வானாய்வகத்தின் இயக்குநர் அவர். புவிகாந்தத்தையும் வானிலையையும் மலைமேலும் கீழும் ஒரே நேரத்தில் பதிவு செய்வது நோக்கம். கருவிகளை ஆட்கள் சுமந்து ஏற்றிய காலத்தில் அது பெரிய காரியம்.

பாபநாசம், காரையாறு வழியாக ஏற முடியுமா? (திருநெல்வேலி வாசகர்)

முடியாது. அது புலிகள் காப்பகத்தின் உட்காடு. அந்த வழிக்கு அனுமதி இல்லை. கேரள வனத்துறை வழிதான் உண்டு. ஜனவரி நடுவில் தொடங்கும் பருவத்துக்கு முன்கூட்டியே இணையத்தில் பதிவு திறப்பார்கள். இடங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும். மருத்துவச் சான்றிதழ் கேட்கிறார்கள். கட்டணமும் வயது வரம்பும் அந்தந்த ஆண்டு அறிவிப்பில் இருக்கும்.

போணக்காட்டிலிருந்து காலையில் வழிகாட்டியோடு கிளம்பினால் மாலைக்குள் அதிருமலை முகாம். யானை நடமாடும் காடு என்பதால் கூட்டத்தை விட்டுப் பிரியக் கூடாது. மறுநாள் விடியலில் உச்சிக்கு ஏறி, இறங்க வேண்டும். பலரும் தவறுவது இந்த மறுநாளில்தான். காலையில் வானம் பளிச்சென்று இருப்பதைப் பார்த்து நிதானமாகக் கிளம்புவார்கள். வெயில் ஏற ஏறப் பள்ளத்தாக்கின் ஈரக்காற்று மேலெழுந்து, நண்பகலுக்குள் உச்சியை மேகம் மூடிவிடும். கடைசிப் பகுதி கயிறு பிடித்து ஏறும் மொட்டைப் பாறை. ஏறுவதைவிட நனைந்த பிறகு இறங்குவது ஆபத்து.

பருத்தி உடை வேண்டாம், நனைந்தால் காயாது. மாற்று உடை ஒரு செட், மழைக்கோட்டு, நல்ல பிடிப்புள்ள காலணி போதும். முந்தின வாரம் மழை பெய்திருந்தால் அட்டை இருக்கும். முழங்கால் வரை அட்டைக் காலுறை போடுங்கள். பிளாஸ்டிக், மது, பூசைப் பொருள் எதற்கும் அனுமதி கிடையாது.

பெண்கள் போகலாமா? (மதுரை வாசகி)

தாராளமாக. முன்பு இருந்த தடை 2018 நவம்பரில் கேரள உயர்நீதிமன்ற உத்தரவால் நீங்கியது. 2019 ஜனவரி முதல் பெண்கள் ஏறுகிறார்கள்.

தாமிரபரணி உச்சியிலேயே பிறக்கிறதா? (ஸ்ரீவைகுண்டம் வாசகர்)

உச்சி வெறும் பாறை. ஆற்றின் தொடக்கமாகச் சொல்லப்படும் பூங்குளம் அதற்குக் கீழே, கிழக்குச் சரிவின் காட்டுக்குள் இருக்கிறது. அங்கிருந்து பாணதீர்த்தம், காரையாறு அணை, பாபநாசம் வழியாக வந்து, உங்கள் ஊரைக் கடந்து புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கிறது.