மிலான் ஒலிம்பிக்கில் மாவோ ஷிமாடா ஏன் இல்லை?

கேள்வி: 2026 மிலான் குளிர்கால ஒலிம்பிக் ஃபிகர் ஸ்கேட்டிங்கில் ஜப்பானின் மாவோ ஷிமாடா ஏன் இல்லை? உலக ஜூனியர் சாம்பியன்ஷிப்பை வரிசையாக ஜெயித்தவர்தானே?

வயது பத்தவில்லை, அவ்வளவுதான். நான்கு மாதம் முன்னால் பிறந்திருந்தால் தகுதி இருந்திருக்கும்.

மிலானில் ஸ்கேட் செய்ய வேண்டுமென்றால் 2025 ஜூலை 1க்கு முன்பே 17 வயது நிறைந்திருக்க வேண்டும். ஷிமாடா பிறந்தது 2008 அக்டோபர் 30. காயம் கிடையாது, தேர்வுக் குழுவில் அரசியல் கிடையாது, ஆட்டமும் மங்கவில்லை. 2024 டிசம்பரில் ஒசாகாவில் நடந்த ஜப்பான் தேசியப் போட்டியில் சீனியர்களோடு மோதி இரண்டாவதாக வந்தார். முதலிடம் பிடித்தவர் மூன்று முறை உலக சாம்பியனான கவோரி சகமோட்டோ. அப்படிப்பட்டவரை ஒலிம்பிக்குக்கு அனுப்ப ஜப்பானுக்கு ஆசை இல்லாமலா இருந்திருக்கும்?

இந்த விதி எவ்வளவு விசித்திரமாக விழுந்திருக்கிறது என்று பார்க்க, 2023இல் கனடாவின் கால்கரியில் நடந்த உலக ஜூனியர் சாம்பியன்ஷிப்பின் பதக்க மேடையை நினைத்துப் பாருங்கள். தங்கம் ஷிமாடா. வெள்ளி தென் கொரியாவின் ஷின் ஜியா. வெண்கலம் ஜப்பானின் அமி நகாய். முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் 20 புள்ளிக்கு மேல் இடைவெளி. மூவரும் 2008இல் பிறந்தவர்கள். ஷின் மார்ச், நகாய் ஏப்ரல், ஷிமாடா அக்டோபர். வெள்ளிக்கும் வெண்கலத்துக்கும் மிலான் கதவு திறந்தது, இருவரும் தங்கள் நாட்டு ஒலிம்பிக் அணியில் இடம் பிடித்தார்கள். தங்கம் வாங்கியவர் ஜூனியரிலேயே தங்கிவிட்டார்.

இதில் இன்னொரு கொடுமை. ஷிமாடாவுக்கு மாவோ என்று பெயர் வைத்ததே ஜப்பானின் முன்னாள் நட்சத்திரம் மாவோ அசாடாவை மனதில் வைத்துத்தான். அந்த அசாடாவுக்கும் இதே கதிதான் நேர்ந்தது. 1990 செப்டம்பர் 25இல் பிறந்தவர் அசாடா. 2006 டூரின் ஒலிம்பிக்குக்கு 2005 ஜூலை 1க்கு முன் 15 நிறைந்திருக்க வேண்டும் என்பது அப்போதைய விதி. மூன்று மாதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் போச்சு. ஆனால் ஊர் ஊராக நடந்து ஃபைனலில் முடியும் கிராண்ட் பிரி தொடருக்கு மட்டும் வயது வரம்பு கொஞ்சம் தளர்வாக இருந்ததால், 2005 டிசம்பரில் டோக்கியோவில் நடந்த சீனியர் கிராண்ட் பிரி ஃபைனலில் இறங்கி, அப்போதைய உலக சாம்பியன் இரினா ஸ்லுட்ஸ்காயாவையே தோற்கடித்தார். இரண்டு மாதம் கழித்து ஸ்லுட்ஸ்காயா டூரினில் வெண்கலம் வாங்கியபோது அசாடா அங்கே போட்டியிலேயே இல்லை.

அதற்கு அடுத்த மாதம், 2006 மார்ச்சில், அவர் இருந்தது ஸ்லோவேனியாவின் லியுப்லியானாவில், உலக ஜூனியர் சாம்பியன்ஷிப்பில். சீனியர்களை ஜெயித்த கையோடு ஜூனியருக்கு வந்தால் சுலபமாக முடிந்திருக்கும் என்றுதானே நினைப்போம்? தோற்றார். தோற்கடித்தவர் அவரைவிட 20 நாள் மூத்த ஒரு கொரியப் பெண், பெயர் கிம் யுனா. முந்தைய ஆண்டு கனடாவின் கிச்சனரில் அசாடா தங்கம், கிம் வெள்ளி. லியுப்லியானாவில் அது தலைகீழானது. நான்கு ஆண்டு கழித்து வான்கூவர் ஒலிம்பிக்கிலும் கிம் தங்கம், அசாடா வெள்ளி. இந்த விளையாட்டின் ஆகப் பெரிய போட்டியாளர் ஜோடியை உலகம் வான்கூவரில்தான் கண்டுகொண்டது. ஜூனியர் பார்த்தவர்களுக்கு அது பழைய கதை.

சரி, 15 எப்படி 17 ஆனது? பெய்ஜிங் 2022தான் அதை உந்தித் தள்ளியது. ரஷ்யாவின் காமிலா வலியேவா 15 வயதில் அங்கே வந்தார். ஊக்கமருந்து சோதனையில் சிக்கிய செய்தி போட்டி நடுவே வெளிவந்தது. அழுத்தம் தாங்காமல் இரண்டாவதாக வரும் நீண்ட ஆட்டமான ஃப்ரீ ஸ்கேட்டில் திரும்பத் திரும்ப விழுந்து நான்காவது இடத்துக்குப் போனார். அதே ஆண்டு ஜூனில் தாய்லாந்தின் புக்கெட்டில் கூடிய சர்வதேச ஸ்கேட்டிங் சங்க மாநாட்டில், சீனியருக்கான குறைந்தபட்ச வயதை 2023-24 சீசனில் 16 ஆகவும், 2024-25இலிருந்து 17 ஆகவும் உயர்த்த ஓட்டெடுப்பு நடந்தது. ஆதரவு 100, எதிர்ப்பு 16. ஷிமாடாவுக்கு அப்போது 13 வயது, சர்வதேச ஜூனியர் போட்டிகளில் இன்னும் காலடி வைக்கவில்லை. அந்த ஓட்டோடு அவருடைய மிலான் முடிந்துபோனது.

விதி தேவையா என்று என்னைக் கேட்டால், தேவை. 2020இல் எஸ்தோனியாவின் தாலினில் நடந்த உலக ஜூனியரில் பெண்கள் பதக்க மேடையில் நின்ற மூவரை எடுத்துக்கொள்ளுங்கள். தங்கம் வாங்கிய வலியேவா கதை மேலே சொன்னது. பிற்பாடு நான்காண்டுத் தடையும் வந்தது. வெள்ளி வாங்கிய டாரியா உசச்சேவா 2021இல் டோக்கியோவில் என்.ஹெச்.கே. கோப்பையின் வார்ம்-அப்பில் தாவி விழுந்து படுகாயப்பட்டார், அதன் பிறகு அந்தப் பழைய உசச்சேவாவை யாரும் பார்க்கவில்லை. வெண்கலம் வாங்கிய அமெரிக்காவின் அலிசா லியூ 13 வயதிலேயே சீனியர் தேசிய சாம்பியன். 16 வயதில் போதுமடா சாமி என்று ஸ்கேட்டைக் கழற்றி வைத்துவிட்டார். இரண்டு ஆண்டு ஒதுங்கியிருந்து, தன் விருப்பப்படி திரும்பி வந்து, 2025இல் பாஸ்டனில் உலக சாம்பியன் ஆனார். மூவரில் நல்லபடியாக முடிந்தது அந்த ஒருவர் கதைதான். அதுவும் அவர் நடுவில் விட்டுப் போனதால் நடந்தது என்பது என் எண்ணம்.

ஏன் சின்னப் பெண்கள்தான் இந்தக் கடினமான தாவல்களைச் செய்கிறார்கள்? குவாட் என்பது காற்றில் நான்கு சுற்று. காற்றில் இருக்கும் நேரம் முக்கால் விநாடிகூட இல்லை. இடுப்பும் தோளும் அகலாத ஒல்லி உடம்பு வேகமாகச் சுழலும். உடம்பு வளர்ந்ததும் அதே தாவலுக்குக் கூடுதல் வலு வேண்டும், பழகிய சமநிலையும் மாறிவிடும். அதனால்தான் பெண்கள் குவாடின் வரலாறே ஜூனியர் மேடையில் எழுதப்பட்டிருக்கிறது. முதல் குவாட் மிக்கி ஆண்டோவுடையது, 2002 டிசம்பரில் நெதர்லாந்தின் ஹேக் நகரில் நடந்த ஜூனியர் கிராண்ட் பிரி ஃபைனலில். ஒரே ஆட்டத்தில் இரண்டு குவாட் முதலில் போட்டவர் 13 வயது அலெக்ஸாண்ட்ரா துருசோவா, 2018இல் சோஃபியாவில் நடந்த உலக ஜூனியரில்.

என் குறை இங்கேதான். 17 என்ற விதி வாசலை மட்டும் தள்ளிவைத்தது, வீட்டுக்குள் நடப்பதை மாற்றவில்லை. ஜூனியரில் 13 வயதுக் குழந்தை ஃப்ரீ ஸ்கேட்டில் குவாட் போட்டால் சீனியருக்குத் தரும் அதே அடிப்படைப் புள்ளிதான் தருகிறார்கள். முதலில் வரும் குறுகிய ஆட்டமான ஷார்ட் புரோகிராமில் மட்டும் குவாடுக்கு அனுமதி இல்லை. குழந்தைகளின் எலும்பையும் மூட்டையும் காப்பாற்றுவதுதான் நோக்கம் என்றால், புள்ளி அட்டவணையில் கை வைத்திருக்க வேண்டும். அதைத் தொடாமல் ஒலிம்பிக் கதவை மட்டும் சாத்தினால், பயிற்சிக் களத்தில் நடப்பது அப்படியேதான் நடக்கும்.

அந்தப் புள்ளிக் கணக்கு எப்படி வேலை செய்கிறது என்பதற்கு நான் எல்லோரிடமும் சொல்லும் உதாரணம் 2024 தைபே. உலக ஜூனியர் அந்த ஆண்டு தைவானில் நடந்தது. ஷார்ட் புரோகிராம் முடிவில் ஷின் ஜியா 73.48, ஷிமாடா 72.60. ஒரு புள்ளிகூட வித்தியாசமில்லை, அதுவும் கொரியப் பெண் முன்னால். ஆனால் ஃப்ரீ ஸ்கேட்டுக்கு ஷிமாடா வகுத்து வைத்திருந்ததில் டிரிபிள் ஆக்ஸலும் (முன்பக்கம் பார்த்து எழும்பி மூன்றரைச் சுற்று) குவாட் டோலூப்பும் (பிளேடு நுனியைப் பனியில் குத்தி எழும்பி நான்கு சுற்று) இருந்தன. ஷின்னிடம் இரண்டும் கிடையாது. டிரிபிள் ஆக்ஸலுக்கு அடிப்படை 8 புள்ளி, டபுள் ஆக்ஸலுக்கு 3.3. குவாட் டோலூப்புக்கு 9.5, டிரிபிள் டோலூப்புக்கு 4.2. அதாவது இரண்டே தாவலில், ஏட்டளவில் 10 புள்ளி மேலே. முடிவில் ஃப்ரீ ஸ்கேட்டில் ஷிமாடா 145.76, ஷின் 138.95. இடைவெளி 6.81. மொத்தத்தில் 218.36க்கு 212.43.

அந்த 10க்கும் 6.81க்கும் இடையில்தான் நான் ஷின்னின் ரசிகராக மாறினேன். பிளேடின் விளிம்பில் சாய்ந்து போகும் ஆழம், கை விரல் நுனிவரை இசை முடிவது, தாவலுக்கு முன்னால் தயாராகி நிற்கும் அந்தச் சங்கடமான நீண்ட சறுக்கல் இல்லாமல் அடியோடு அடியாக எழும்புவது, இதற்கெல்லாம் நடுவர்கள் தரமதிப்பீட்டிலும் ஆட்டக்கூறுகளிலும் புள்ளி தருகிறார்கள். பாவம் அவருக்கு 2022, 2023, 2024 மூன்று ஆண்டும் வெள்ளிதான். 2022 தாலினில் அமெரிக்காவின் இசபெல் லெவிட்டோவிடம் அரைப் புள்ளி சொச்சத்தில் தங்கம் கைவிட்டுப் போனது.

இதையெல்லாம் எங்கே பார்ப்பது என்றும் சிலர் கேட்பார்கள். ஜூனியர் கிராண்ட் பிரி தொடர் ஆகஸ்ட் கடைசியிலிருந்து அக்டோபர் வரை வழக்கமாக ஏழு ஊர்களில் நடக்கும். ரிகா, ஒஸ்ட்ராவா, கடான்ஸ்க், யெரெவான் என்று ஊர்கள் மாறிக்கொண்டே இருக்கும். நமக்குப் பக்கமாக பாங்காக்கில் 2023லும் 2024லும் நடந்தது. ஒருவருக்கு அதிகபட்சம் இரண்டு போட்டி. முதலிடத்துக்கு 15, இரண்டாமிடத்துக்கு 13 என்று தரவரிசைப் புள்ளி சேரும். முதல் ஆறு பேர் டிசம்பரில் ஃபைனலுக்குப் போவார்கள். ஷிமாடா 2022 டூரின், 2023 பெய்ஜிங், 2024 கிரெனோபிள் என்று அந்த ஃபைனலையும் வரிசையாக எடுத்தார். தொடர் முழுக்க ஸ்கேட்டிங் சங்கத்தின் யூடியூப் சேனலில் இலவச நேரலையாக வரும். ஐரோப்பாவில் நடந்தால் நமக்கு மதியம் தொடங்கி நள்ளிரவு வரை இழுக்கும். ஐஸ் கட்டியைக் கரும்புச்சாறு கடைச் சாக்குப்பையில் மட்டும் பார்த்து வளர்ந்த நான் இந்த விளையாட்டைக் கற்றுக்கொண்டதே அங்கேதான்.

முதல்முறை பார்ப்பவர்களுக்கு ஒரு யோசனை. திரையின் மூலையில் சின்னச் சின்னப் பெட்டிகள் வரும். பச்சை என்றால் தாவல் சரி. மஞ்சள் என்றால் சுற்று முழுமையாக முடிந்ததா, சரியான விளிம்பில் எழும்பினாரா என்று தொழில்நுட்பக் குழு திரும்பப் பார்க்கப் போகிறது. சீனியர் போட்டியில் கண் நேராக நட்சத்திரத்தின் மேலேயே இருக்கும். ஜூனியரில் பெரும்பாலும் யாரென்றே தெரியாத பிள்ளைகள், காலி நாற்காலிகள், கைதட்ட அம்மா அப்பாவும் அணித் தோழர்களும் மட்டும். அதனால் பனியில் பிளேடு கிழிக்கும் சத்தம்கூட நன்றாகக் கேட்கும். நன்றாக எழும்பும் தாவலுக்கும் வம்படியாகச் சுற்றும் தாவலுக்கும் உள்ள வித்தியாசம் சில வாரத்தில் காதிலேயே பிடிபட்டுவிடும். முதல் குழுவில் வருபவர்களைத் தவறவிடாதீர்கள். அவர்களில் பாதிப் பேர் டபுள் ஆக்ஸலிலேயே தடுமாறுவார்கள், அதைப் பார்த்தால்தான் ஷிமாடா செய்வது என்னவென்று உறைக்கும்.

இனி அவருக்கு என்ன? 2026 ஜூலை 1 தாண்டியதும் சீனியர் ஆகலாம். அடுத்த ஒலிம்பிக் 2030, பிரெஞ்சு ஆல்ப்ஸ், அப்போது அவருக்கு 21. குவாட் அதுவரை தாக்குப்பிடிக்குமா என்றுதான் எல்லோரும் கவலைப்படுகிறார்கள். எனக்கு அவ்வளவு கவலை இல்லை. அசாடா 19 வயதில் வான்கூவரில் மூன்று டிரிபிள் ஆக்ஸல் போட்டுக் காட்டினார், அதுவரை ஒரே ஒலிம்பிக்கில் எந்தப் பெண்ணும் செய்யாதது. ஷிமாடாவிடம் தாவல் போனாலும் சறுக்கும் தரம் மிச்சம் இருக்கும். சகமோட்டோ வேறு 2025-26 சீசனோடு விலகுவதாக முன்பே அறிவித்துவிட்டார், ஆக ஜப்பான் அணியில் முதலிடம் காலி. அதற்கு நகாயோடு மோத வேண்டியிருக்கும். கால்கரியில் வெண்கலத்தோடு பக்கத்தில் நின்ற அதே நகாய்தான், ஆனால் 2025 அக்டோபரில் பிரான்சில் நடந்த சீனியர் கிராண்ட் பிரியில் சகமோட்டோவையே தாண்டித் தங்கம் வாங்கியவர்.