அமெரிக்கக் கூட்டரசின் கட்டுமான ஒப்பந்த முடிவை ஆட்சேபிக்க எத்தனை நாள் உண்டு?

ஒப்பந்தம் வேறொரு நிறுவனத்துக்குப் போன பிறகு முறையிட எவ்வளவு காலம் இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்கக் காங்கிரஸின் கீழ் இயங்கும், இத்தகைய ஆட்சேபங்களை விசாரிக்கும் ஜிஏஓ (GAO, அரசுப் பொறுப்புடைமை அலுவலகம்) அலுவலகத்தை நாடுவதானால், ஆட்சேபத்துக்கான காரணம் உங்களுக்குத் தெரிந்த, அல்லது தெரிந்திருக்க வேண்டிய நாளிலிருந்து 10 நாட்களுக்குள் மனு சேர வேண்டும். விடுமுறைகளும் இதில் அடங்கும், கடைசி நாள் சனி, ஞாயிறு அல்லது கூட்டரசு விடுமுறையாக அமைந்தால் மட்டுமே அடுத்த வேலைநாள் வரை அவகாசம் நீளும்.

டெண்டர் அறிவிப்பிலேயே வெளிப்படையாகத் தெரியும் குறையை, எடுத்துக்காட்டாகப் போட்டியைத் தேவையின்றிச் சுருக்கும் தகுதி நிபந்தனையை, டெண்டர் திறக்கும் நேரத்துக்கு முன்பே எழுப்பிவிட வேண்டும். தோற்ற பின் அது எடுபடாது.

கட்டுமான நிறுவனங்கள் இடறக்கூடிய இடம் ஒன்று உண்டு. பேச்சுவார்த்தை முறைக் கொள்முதலில், உரிய காலத்தில் கேட்டுப் பெறும் கட்டாய விளக்கக் கூட்டத்துக்குப் (முடிவின் காரணங்களைத் தோற்ற நிறுவனத்துக்குத் துறை விளக்கியாக வேண்டிய கூட்டம்) பிறகு 10 நாள் கிடைக்கும். முத்திரையிட்ட உறைகளில் விலை கோரும் டெண்டரில் அந்தச் சலுகை இல்லை.

வேலையைத் தானாக நிறுத்திவைக்கும் தடையும் வேண்டுமானால் கணக்கு இன்னும் இறுக்கமானது: ஒப்பந்தம் வழங்கிய 10 நாட்களுக்குள், அல்லது கட்டாய விளக்கக் கூட்டத்துக்கு முன்வைக்கப்பட்ட தேதியிலிருந்து 5 நாட்களுக்குள், இவற்றுள் எது பிந்தியதோ அதற்குள், ஜிஏஓவின் அறிவிப்பு உரிய துறைக்குக் கிடைத்திருக்க வேண்டும். அந்த அறிவிப்புக்கே ஒரு நாள் ஆகலாம் என்பதால், மனுவை ஓரிரு நாள் முன்னதாகப் போடுவதே நல்லது.