அண்ணி வீட்டு ஆவக்காயும் அம்மா வீட்டுக் கருவாடும்

கேள்வி: எனக்கு வயது 56. சொந்த ஊர் திருத்தணிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். இப்போது இருப்பது அம்பத்தூரில். என் அண்ணி நகரியைச் சேர்ந்த தெலுங்குக் குடும்பத்துப் பெண். ஒவ்வோர் ஆடி மாதமும் ஊருக்குப் போய் ஒரு வாரம் தங்குவேன். அண்ணன் வீட்டில் அம்மனுக்குக் கூழ் ஊற்றுவோம், கிருத்திகைக்குத் திருத்தணி மலை ஏறுவேன், கடைசி இரண்டு நாள் நகரியில் அண்ணியின் அம்மா வீட்டில் விருந்து. ஏழு ஆண்டுகளாக ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டனும் அம்லோடிபினும் சாப்பிடுகிறேன். வழக்கமாக 130/80 இருக்கும். இந்த முறை பஸ்ஸை விட்டு இறங்கியதும் மருந்துக் கடையில் பார்த்தபோது 168/98. இரண்டு காலும் வீங்கியிருந்தன. விரதம் என்பதால் இரண்டு நாள் மாத்திரை போடவில்லை. முட்டி வலிக்குக் கடையில் கேட்டு வாங்கிய மாத்திரையை ஐந்து நாள் போட்டேன். "எல்லாம் அந்த ஆந்திரா ஊறுகாயால் வந்தது, இனிமேல் அங்கே சாப்பிடாதே" என்கிறாள் மகள். சோடியம் குறைந்த உப்பு வாங்கு என்கிறார் அண்ணன். அண்ணி கொடுத்தனுப்பிய ஆவக்காய் ஜாடி சமையலறையில் இருக்கிறது. என்ன செய்யட்டும்?

பதில்: அம்மா, உங்கள் மகளின் கவலை நியாயமானது. ஆனால் ஊறுகாயை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நீங்கள் போகிற போக்கில் சொல்லிவிட்ட இரண்டு விஷயங்கள் அதைவிட என்னைப் பயமுறுத்துகின்றன.

முதலாவது, அந்த முட்டி வலி மாத்திரை. பெயர் எழுதவில்லை என்றாலும், கடையில் கேட்டால் பெரும்பாலும் டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக் வகையைத்தான் எடுத்துத் தருவார்கள். வலியைச் சட்டென்று குறைக்கும் இந்த மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தையும் குறைக்கும். அப்போது உப்பும் நீரும் வெளியேறாமல் உடம்பிலேயே தங்கும். கால் வீங்கும், அழுத்தம் ஏறும். டெல்மிசார்டன் செய்கிற வேலையையும் இது மழுங்கடிக்கும். இரண்டும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்கே ஆபத்து வரலாம், அதுவும் விரதமிருந்து, தண்ணீர் குறைவாகக் குடித்து, ஆடி வெயிலில் மலை ஏறும் நாளில். விருந்தில் சாப்பிட்ட உப்பை வெளியேற்ற வேண்டிய உறுப்பின் கையை இந்த மாத்திரை கட்டிப்போட்டுவிட்டது என்று நினைத்துக்கொள்ளுங்கள். மருத்துவரைக் கேட்காமல் இனி அதைத் தொடவே வேண்டாம். வலி தாங்காத நாளில் பாரசிட்டமால் போதும். தண்ணீரில் போட்டால் நுரைத்துக் கரையும் வகையை மட்டும் வாங்காதீர்கள், அதில் சோடியம் அதிகம். முட்டியில் தடவும் களிம்பும் உதவும். 365 படிகளையும் ஏறித்தான் ஆக வேண்டும் என்று முருகன் உங்களிடம் கேட்கவில்லை. மலை மேல் வரை சாலை இருக்கிறது.

இரண்டாவது, விரதத்துக்காக நிறுத்திய மாத்திரை. கிருத்திகைக்கு மறுநாள் என்னிடம் வருகிறவர்களில் பலர் இதைச் செய்துவிட்டுத்தான் வருகிறார்கள். ஒரு வாய் தண்ணீரோடு மாத்திரையை விழுங்குவதால் விரதம் முறிந்துவிடும் என்று நான் மதிக்கிற எந்தப் பெரியவரும் சொன்னதில்லை. நீங்கள் சாப்பிடும் இரண்டு மாத்திரைகளையும் வெறும் வயிற்றில் போடலாம். சர்க்கரை நோய்க்கு மாத்திரை போடுகிறவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. அவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான் விரதம் இருக்க வேண்டும்.

இப்போது சாப்பாட்டுக்கு வருவோம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு, ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பு, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள். சாதாரண நாளிலேயே நம் நாட்டில் சராசரியாக 8 கிராம் அளவுக்குச் சாப்பிடுகிறோம். ஊருக்குப் போனால் கேட்கவே வேண்டாம்.

ஆனால் அந்த உப்பு எந்த வீட்டிலிருந்து வந்தது என்று கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம். அண்ணன் வீட்டில் கூழ் ஊற்றிய அன்று தொட்டுக்கொள்ள என்ன இருந்தது? கருவாட்டுக் குழம்பும் மோர் மிளகாயும் இல்லாமல் நம் பக்கத்தில் கூழ் இறங்காது. மீனை உப்பில் போட்டு உலர்த்தினால்தான் கருவாடு. மோர் மிளகாய் உப்பு மோரில் நாள்கணக்கில் ஊறிக் காய்ந்தது. மறுநாள் சாம்பாரோடு பொரித்த அப்பளம். அதில் உப்போடு அப்பளக்காரமும் சேரும், அதுவும் சோடியம்தான். பிறந்த வீட்டுச் சாப்பாடு என்பதால் இதெல்லாம் உங்கள் மகளின் கணக்கில் வரவில்லை. நகரியில் சாப்பிட்ட ஆவக்காய் மட்டும் வந்துவிட்டது. பழகிய உப்பு நாக்குக்குத் தெரிவதில்லை, அதனால் பழி அடுத்த வீட்டுச் சமையல் மேல் விழுகிறது. திருத்தணியில் இதே கதையை மறுபக்கத்திலிருந்தும் கேட்டிருக்கிறேன். நகரியிலிருந்து வரும் பெரியவர்கள், தமிழ் வீட்டில் பெண் கொடுத்த பிறகு கருவாட்டால் பிபி வந்துவிட்டது என்பார்கள்!

நகரி வீட்டு இலையையும் பார்ப்போம். சுடுசோற்றில் முத்தபப்பு, அதன் மேல் நெய், ஓரத்தில் ஆவக்காய். சோற்றில் உப்பில்லை. வெறும் துவரம்பருப்பை வேகவைத்துக் கடைந்த முத்தபப்பில் உப்பு குறைவு. உப்பெல்லாம் அந்தச் சிவப்பு விழுதில் இருக்கிறது. மாங்காய் ஒரு வருடம் கெடாமல் இருப்பதே உப்பாலும் எண்ணெயாலும்தான், ஆகவே அதில் உப்பைக் குறைக்கச் சொல்ல முடியாது. ஒரு மேசைக்கரண்டி விழுதிலேயே 1 கிராமுக்கு மேல் உப்பு இருக்கும். பப்புச் சோற்றுக்கு இரண்டு முறை, தயிர்ச் சோற்றுக்கு ஒரு முறை என்று போட்டுக்கொண்டால் நாள் கணக்கில் பாதிக்கு மேல் அங்கேயே முடிந்துவிடும்.

அதே வீட்டில் உங்களுக்கு ஏற்ற சாப்பாடும் இருக்கிறது. ராகி சங்கடி கிண்டுவார்கள், நம் களிதான் அது. அதற்குக் கீரைப் பப்பும் நாட்டுக்கோழிப் புலுசும் (குழம்பும்) சேர்த்துக் கொடுத்தால் மறுக்காமல் சாப்பிடுங்கள்; உங்கள் பங்குக்கு உப்பைக் கொஞ்சம் குறைத்து எடுத்துவைக்கச் சொன்னால் போதும். நம் துவையல் மாதிரி அவர்கள் அன்றன்று அரைக்கும் பச்சடிகள் இன்னொரு நல்ல வழி: நிலக்கடலை, கத்திரிக்காய், பீர்க்கங்காய்த் தோல் எதிலும் செய்வார்கள். நாள்பட வைப்பதில்லை என்பதால் அவற்றில் உப்பைப் பாதியாக்கினாலும் கெடாது. புளியும் மிளகாயும் பூண்டும் சுவையைத் தாங்கிக்கொள்ளும். காரம் ரத்த அழுத்தத்தை ஏற்றும் என்று பலர் பயப்படுகிறார்கள். ஏற்றுவது காரம் இல்லை, அதோடு கூடவே வரும் உப்பு.

உங்களுக்கு ரத்த அழுத்தம் இருப்பதை அண்ணியிடம் சொன்னீர்களா? கடிதத்தில் எங்கும் அப்படித் தெரியவில்லை. ஏழு ஆண்டுகளாக மாத்திரை சாப்பிடுவது நகரி வீட்டு அத்தைக்குத் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். அவர்களைப் பொறுத்தவரை நீங்கள் ஊறுகாயைத் தள்ளிவைத்தால் அது மரியாதைக் குறைவு. காரணம் தெரிந்தால் அவர்களே கையை நிறுத்துவார்கள். "பிபி உந்தி, உப்பு தக்குவ" (பிபி இருக்கிறது, உப்பு குறைவாக) என்று முதல் நாளே, இலை போடும் முன்பே சொல்லிவிடுங்கள். 1960 ஏப்ரல் 1 அன்று எல்லை மாறித் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது, நகரி ஆந்திரத்திலேயே நின்றது. அதற்குப் பிறகும் இரண்டு ஊருக்கும் இடையே பெண் கொடுப்பதும் எடுப்பதும் குறையவில்லை. அப்படி வந்த ஓர் உறவை, சொல்லாமல் விட்ட ஒரு நோய்க்காக நீங்கள் தள்ளிவைப்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. போங்கள், இரண்டு வீட்டிலும் சாப்பிடுங்கள்.

அண்ணன் சொன்ன உப்பைப் பற்றி: அதில் சோடியத்தின் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகம் நன்றாக வேலை செய்கிற பலருக்கு அது நல்லதுதான். ஆனால் டெல்மிசார்டன் உடம்பில் பொட்டாசியத்தைத் தங்கவைக்கும். இரண்டும் சேர்ந்து அளவு மீறினால் இதயத் துடிப்பே தடுமாறும். ரத்தத்தில் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் பொட்டாசியமும் பார்க்காமல் அந்தப் பாக்கெட்டைப் பிரிக்க வேண்டாம். ஐந்து நாள் வலி மாத்திரை போட்டதற்காகவும் இந்தப் பரிசோதனை தேவை; இந்த வாரமே செய்துவிடுங்கள்.

168/98 என்ற எண்ணை நான் அலட்சியப்படுத்தவில்லை. ஆனால் பஸ்ஸிலிருந்து இறங்கி, பையைத் தூக்கிக்கொண்டு, நின்ற சூட்டில் பார்த்த எண் அது. வீட்டில் ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, பாதம் தரையில் பட, கையை நெஞ்சளவு உயரத்தில் மேசை மேல் வைத்து, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பாருங்கள். அதற்கு அரை மணி நேரம் முன்பு காபி வேண்டாம். காலையும் மாலையும் ஒரு வாரம் குறித்து உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள். கால் வீக்கத்துக்கு நீண்ட நேரம் தொங்கவிட்டு உட்கார்ந்த பஸ் பயணமும் காரணமாகலாம், அம்லோடிபினும் காரணமாகலாம். வலி மாத்திரையை நிறுத்தி ஒரு வாரமாகியும் வற்றவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள். மாத்திரையின் அளவை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

படுத்தால் மூச்சு முட்டுவது, நெஞ்சு வலி, முகம் ஒரு பக்கம் கோணுவது, கை கால் மரப்பது, பேச்சுக் குழறுவது, இவற்றில் ஒன்று வந்தாலும் எண்ணைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் 108-ஐ அழையுங்கள். அந்த எண் திருத்தணியிலும் நகரியிலும் ஒன்றுதான்.

ஜாடியைத் தூக்கி எறிய வேண்டாம். பாதியை அக்கம்பக்கத்துக்குக் கொடுங்கள். மீதியில் வாரத்துக்கு இரண்டு நாள், சுண்டைக்காய் அளவு எடுத்து, வீட்டில் உப்பில்லாமல் வேகவைத்த பருப்போடு பிசைந்து சாப்பிடுங்கள். அன்று அப்பளமும் வற்றலும் வேண்டாம். அடுத்த ஆடியில் அண்ணி ஜாடியை எடுக்கும்போது, அதற்குப் பதிலாக இரண்டு கட்டு கோங்கூரா கேளுங்கள். நம் புளிச்சக்கீரைதான். அம்பத்தூருக்குக் கொண்டுவந்து நீங்களே வதக்கி அரைக்கலாம், உப்பு உங்கள் கையில் இருக்கும்.