முதலில் அந்தப் படங்கள், பிறகு விலகல்

கேள்வி: எனக்கு 39 வயது. மகளுக்கு 13, மகனுக்கு 8. முகநூல், இன்ஸ்டாகிராம் இரண்டிலிருந்தும் மொத்தமாக விலகிவிடலாமா என்று யோசிக்கிறேன். இரவு வேலையெல்லாம் முடித்துப் போனைக் கையில் எடுத்தால் மணி பன்னிரண்டு ஆகிவிடுகிறது. ஆனால் சொந்தபந்தம் எல்லாம் அதில்தான் இருக்கிறது. பள்ளிக்கூடத் தகவலும் வாட்ஸ்அப்பில்தான் வருகிறது. விலகினால் நாட்டு நடப்பே தெரியாமல் போய்விடுமோ? என்னைப் பார்த்து மகளும் போனைக் கீழே வைப்பாளா? போன வருடம் அவளுடைய சடங்குப் படங்களைப் போட்டதிலிருந்து, போனைப் பற்றி நான் எது சொன்னாலும் அவள் காதில் போட்டுக்கொள்வதில்லை.
— ஒரு வாசகி, நாமக்கல்

பதில்: தாராளமாக விலகலாம். ஆனால் மகளைத் திருத்துவதற்காக விலகாதீர்கள். அம்மா விட்டதும் மகளும் விட்டுவிடுவாள் என்று சொல்ல முடியாது. அவள் விடாதபோது, ‘உனக்காகத்தானே நான் விட்டேன்’ என்று ஒருநாள் நீங்கள் கேட்பீர்கள். அவள் கேட்காமலே அவள் தலையில் ஏற்றிய கடன் அது. உங்கள் தூக்கம் கெடுகிறது, அதனால் விலகுகிறீர்கள். அந்தக் காரணம் போதும்.

மணி பன்னிரண்டு ஆவதற்காக உங்களை நீங்களே திட்டிக்கொள்ள வேண்டாம். முன்பெல்லாம் இணையத்தில் ஒரு பக்கம் முடியும். அடுத்த பக்கத்தை நாம்தான் தட்ட வேண்டும். முடிவே இல்லாமல் கீழே இறங்கிக்கொண்டே போகும் அமைப்பை 2006-இல் உருவாக்கியவர் ஆசா ராஸ்கின். அதற்காகப் பின்னாளில் அவரே வெளிப்படையாக வருந்தியிருக்கிறார். நிறுத்தும் இடத்தையே எடுத்துவிட்ட ஒன்றில், நாள் முழுக்க உழைத்துக் களைத்தவர் எங்கே நிறுத்துவார்?

நாட்டு நடப்பு தெரியாமல் போகும் என்ற பயத்தில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. 2018-இல் அமெரிக்க இடைக்காலத் தேர்தலுக்கு முன்பு, ஸ்டான்ஃபோர்டு, நியூயார்க் பல்கலைக்கழகங்களின் பொருளியலாளர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். பணம் கொடுத்து, நான்கு வாரம் முகநூல் கணக்கை முடக்கி வைக்கச் சொன்னார்கள். விலகியவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக ஒரு மணி நேரம் மிச்சமானது. அதில் ஒரு பகுதி குடும்பத்துக்கும் நண்பர்களுக்கும் போனது. தனியாக டிவி பார்ப்பதும் கூடியது. மனநிறைவு கூடியது, ஆனால் கொஞ்சம்தான். செய்தி அறிவு குறைந்தது. ஆகவே காலையில் ஒரு செய்தித்தாள் போடச் சொல்லுங்கள். வாழ்க்கையே மாறிவிடும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். அந்த ஒரு மணி நேரத்தில் ஒழுங்காகத் தூங்கினாலே பெரிய லாபம்.

வாட்ஸ்அப் இருக்கட்டும். பள்ளிக் குழுவை வைத்துக்கொண்டு மற்ற குழுக்களை ஓசையில்லாமல் அடக்கிவிடலாம். நல்லது கெட்டதுக்கு உங்களைக் கூப்பிட வேண்டியவர்களிடம் போன் நம்பர் இருக்கிறது.

இனி, நீங்கள் கடைசியில் போகிறபோக்கில் எழுதிய விஷயம். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது அதுதான்.

மகள் பெரியவளானதைத் தாய்மாமன் சீரோடு கொண்டாடுவது உங்கள் குடும்ப விஷயம். அதை முகநூலில் போட்டபோது, அவளுடைய உடலில் நடந்த ஒரு மாற்றம் வகுப்புப் பையன்கள் வரைக்கும் போய்ச் சேரும் செய்தியாகிவிட்டது. அடுத்த நாள் அவர்கள் முகத்தில் விழித்தவள் அவள்தான். அவள் உங்கள் பேச்சைக் கேட்காமல் போனதற்குப் பிடிவாதம் காரணம் என்று நான் நினைக்கவில்லை. தன் விஷயத்தில் தன்னைக் கேட்காதவர் தன் போனைப் பற்றிப் பேசுகிறார் என்ற கோபம் அது. நியாயமான கோபம்.

பிரான்சில் 2024 பிப்ரவரியில் இதற்கென்றே ஒரு சட்டம் வந்திருக்கிறது. பிள்ளைகளின் படம் தொடர்பான உரிமையைப் பெற்றோர் இருவரும் சேர்ந்து காக்க வேண்டும். வயதுக்கும் பக்குவத்துக்கும் ஏற்றபடி பிள்ளையையும் அந்த முடிவில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது அது. நம் நாட்டில் 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, 18 வயதுக்குக் கீழுள்ளவர்களின் தரவைக் கையாள நிறுவனங்கள் பெற்றோரின் ஒப்புதலைப் பெற வேண்டும். அந்த ஒப்புதல் உங்கள் கையில் இருக்கிறது என்பதாலேயே மகளின் விருப்பத்தைக் கேட்கும் பொறுப்பும் உங்களுடையதாகிறது.

ஆகவே அவசரப்பட்டுக் கணக்கை நீக்கிவிடாதீர்கள். நீக்கினால் நீங்கள் போட்ட படங்கள் போகும்; உறவினர்கள் தங்கள் பக்கத்தில் தனியாக ஏற்றியவை அப்படியே இருக்கும். நீங்கள் வெளியே வந்துவிட்டால் அவற்றைத் தேடிப் பார்க்கவும் முடியாது. மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து எது இருக்கலாம், எது போக வேண்டும் என்று அவளையே சொல்லச் சொல்லுங்கள். விழாவுக்கு வந்த போட்டோகிராபர் விளம்பரத்துக்காகத் தன் பக்கத்தில் ரீல்ஸ் போட்டிருக்கிறாரா என்றும் பாருங்கள், பெரும்பாலும் போட்டிருப்பார். பத்தாம் வகுப்பு ரிசல்ட் வரும்போது பதிவெண்ணும் பிறந்த தேதியும் தெரிகிற மதிப்பெண் பட்டியலைப் போடுகிறார்களே, அந்த வழக்கமும் உங்கள் வீட்டுக்கு வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். மகனின் படங்களுக்கும் இதே விசாரணை உண்டு. 8 வயதுப் பையனுக்கும் கூச்சம் இருக்கிறது.

உங்கள் அண்ணன் தம்பிகள், ‘இதில் என்ன தப்பு?’ என்று மனத்தாங்கல் படுவார்கள். ‘எனக்கு இது சரியாகப் படவில்லை, எடுத்துவிடுங்கள்’ என்று சொன்னால் போதும். பழியை மகள் மேல் போட்டுவிடாமல் அந்தப் பேச்சை நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் முடிந்தபின், வேண்டிய படங்களைத் தரவிறக்கி வைத்துக்கொண்டு கணக்கை நீக்குங்கள். முடக்குவது வேறு, நீக்குவது வேறு. முடக்கிய கணக்கு நீங்கள் மறுபடி நுழைந்ததும் உயிர் பெற்றுவிடும். நீக்கச் சொன்னாலும் முகநூலும் இன்ஸ்டாகிராமும் 30 நாள் அவகாசம் வைத்திருக்கின்றன. அதற்குள் மனம் மாறினால் திரும்பிவிடலாம். அந்த 30 நாளும் இரவில் போன் படுக்கையறைக்கு வெளியே இருக்கட்டும்.