மகளுக்கு மைக்ரோஸ்கோப் ஆசை: பாடம் தேர்ந்தெடுக்கும் முன்

டர்பன் சாட்ஸ்வொர்த்தில் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு மைக்ரோஸ்கோப், நுண்ணளவுக் கருவிகள் மேல் ஆசை, அதில் பிழைப்பு உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு அம்மா. ஆனால் பத்தாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கும்போது மேத்ஸ் லிட்டரசி (அன்றாடக் கணக்கு மட்டும் கற்பிக்கும் பாடம்) பக்கம் போகவிடாதீர்கள். சுலபம் என்று எடுத்துவிட்டால் பொறியியல் பட்டத்துக்கு மனுப் போடவே முடியாது. கணிதமும் ஃபிசிக்கல் சயன்ஸும் இரண்டுமே வேண்டும்.

இந்த வேலைக்கு மார்க்கைவிடப் பொறுமை முக்கியம். அதை வீட்டிலேயே பார்க்கலாம். 0–25 மி.மீ. திருகு அளவி (மைக்ரோமீட்டர்) ஒன்று வாங்கிக் கொடுங்கள். முதலில் இரு முகங்களுக்கிடையே வெள்ளைத்தாளை லேசாகப் பிடித்து இழுத்துத் துடைத்து, ராட்செட்டால் (முனையில் 'டிக் டிக்' என்று சுழலும் குமிழால்) மூடி, பூஜ்யம் சரியா என்று பார்க்கட்டும். பிறகு ஒரே ஆணியை ஒரே இடத்தில் பத்து முறை அளந்து எழுதட்டும். அரை மி.மீ. கோட்டைக் கவனிக்காவிட்டால் 5.78 என்பது 5.28 ஆகிவிடும், எல்லாரும் முதலில் தவறுவது இங்கேதான். ராட்செட்டை விட்டுக் கையால் இறுக்கினால் அளவு குறைந்து வரும். எண்கள் ஏன் மாறுகின்றன என்று அவளாகவே கேட்டால், இந்தத் தொழில் அவளுக்குப் பொருந்தும்.

நுண்ணளவில் எண்களை மாற்றும் பெரிய காரணங்களில் ஒன்று வெப்பம். நீள அளவீட்டுக்கு உலகமெங்கும் 20 டிகிரிதான் அடிப்படை. 100 மி.மீ. எஃகுத் துண்டு டர்பன் கோடையில் 30 டிகிரிக்கு ஏறினால் சுமார் 11 மைக்ரான் (மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒன்று) நீளும். திருகு அளவியின் ஒரு கோடே 10 மைக்ரான்தான்! அதனால்தான் கருவிகளின் அளவு சரியா என்று சோதிக்கும் அளவுத்திருத்தக் கூடங்களில் ஏசி ஓயாது.

எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பே வேண்டும் என்றால் இயற்பியலிலோ பொருளறிவியலிலோ மேற்படிப்பு வரை போக வேண்டும். க்கெபெர்காவில் (பழைய போர்ட் எலிசபெத்) நெல்சன் மண்டேலா பல்கலைக்கழகத்தில் அதற்கென்றே ஆய்வு மையம் இருக்கிறது. ஆனால் அந்தக் கருவி உள்ள இடங்கள் கொஞ்சம். அளவுக் கருவிகளோ தொழிற்சாலைதோறும் உண்டு. ஆகவே டிவெட் (தொழிற்கல்வி) கல்லூரி, பயிற்சிப்பணி, டிரேட் டெஸ்ட் (தொழில் தகுதித் தேர்வு) என்று இன்ஸ்ட்ருமென்ட் மெக்கானிஷியன் ஆவதையும் குறைவாக நினைக்காதீர்கள். வேலைக்குச் சேரும்முன், சேரும் அளவுத்திருத்தக் கூடத்துக்கு சனாஸ் (கூடங்களுக்குச் சான்று தரும் தேசிய அமைப்பு) அங்கீகாரம் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் ஐஎஸ்ஓ 17025 என்ற சர்வதேச முறைப்படி வேலை கற்கலாம். நாட்டின் மூல அளவுகளைக் காக்கும் நிமிசா நிறுவனம் பிரிட்டோரியாவில் இருக்கிறது.

மைக்ரோஸ்கோப் வாங்குவதானால் 2000 மடங்கு என்ற விளம்பரத்தை நம்ப வேண்டாம். சாதாரண ஒளியில் 0.2 மைக்ரானுக்குக் கீழே தெளியாது. பொருள்பக்க லென்ஸ் 40 மடங்கு வரை இருந்தால் பள்ளிக்குப் போதும். டர்பன் ஈரத்தில் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும், சிலிகா ஜெல் போட்ட டப்பாவில் மூடி வையுங்கள்.