மணி பிளாண்ட்டா, பிலோடென்ட்ரானா?

கேள்வி: மணி பிளாண்ட் என்று சொல்லித் தந்த கொடியை வளர்க்கிறேன். பார்த்த ஒருவர் அது பிலோடென்ட்ரான் என்கிறார். இரண்டுக்கும் இதய வடிவ இலைதானே, எப்படிப் பிரித்தறிவது?

பதில்: இலையின் வடிவத்தை நம்பாதீர்கள். கொடியின் நுனியைப் பாருங்கள். பிலோடென்ட்ரானில் புதுத் தளிர் ஒரு மெல்லிய உறைக்குள்ளிருந்து வரும். இலை விரிந்ததும் அந்த உறை காய்ந்து, பழுப்புச் சருகாகக் கணுவில் கொஞ்ச நாள் தொங்கிவிட்டு உதிரும். மணி பிளாண்ட்டில் அந்த உறை கிடையாது. முந்தைய இலையின் காம்பை ஒட்டியே புது இலை சுருண்டு கிளம்பும்.

அடுத்து காம்பைத் தடவிப் பாருங்கள். மணி பிளாண்ட் காம்பின் மேற்புறத்தில் வாய்க்கால் போலப் பள்ளம் ஓடும். பிலோடென்ட்ரான் காம்பு ஏறக்குறைய உருண்டையாக இருக்கும். மணி பிளாண்ட்டின் கணுவில் தடித்த வேர்முண்டு தெரியும். மற்றதில் மெல்லிய வேர்கள் சில சேர்ந்தாற்போல் வரும். மஞ்சள் தீற்றல் இருந்தால் மணி பிளாண்ட்தான் என்று அடித்துச் சொல்பவர்கள் உண்டு. ‘பிரேசில்’ என்ற பிலோடென்ட்ரான் ரகத்திலும் இளமஞ்சள் பட்டை உண்டு என்பதால் நிறத்தை வைத்து முடிவுகட்ட முடியாது. இரண்டுக்கும் பராமரிப்பு ஒன்றுதான். பெயர் மாறிப்போனாலும் குடி முழுகிவிடாது.

கேள்வி: வாரம் இருமுறை தவறாமல் தண்ணீர் ஊற்றுகிறேன். ஆனாலும் இலைகள் மஞ்சளாகி, செடி வாடுகிறதே?

பதில்: ‘தவறாமல்’ ஊற்றுவதுதான் சிக்கல். மண்ணிலுள்ள காற்றிடைவெளிகள் எப்போதும் நீரால் நிறைந்திருந்தால் வேருக்கு ஆக்சிஜன் கிடைக்காது. மூச்சுமுட்டிய வேரை அழுகல் நோய் பிடிக்கும். அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது, அதனால் ஈரமண்ணிலேயே செடி வாடும். வாடுகிறதே என்று மேலும் ஊற்றினால் கதை முடிந்தது.

செடியை வேரோடு எடுத்துப் பாருங்கள். நல்ல வேர் வெளிறிய நிறத்தில் விறைப்பாக இருக்கும். அழுகிய வேர் பழுப்பாகக் குழைந்திருக்கும். விரலால் உருவினால் தோல் கழன்று நடுவில் நூல் மட்டும் மிஞ்சும். அதையெல்லாம் சுத்தமான கத்தரியால் வெட்டுங்கள். தேங்காய் நார்க்கழிவு 2 பங்கு, பெர்லைட் (பொரி போன்ற லேசான வெள்ளைத் துகள்கள்) 1 பங்கு, மரப்பட்டைத் துண்டுகள் 1 பங்கு கலந்து, மிஞ்சிய வேருக்கு ஏற்ற சிறிய தொட்டியில் நடுங்கள். பெரிய தொட்டி வேண்டாம். வேர் எட்டாத மண் காயவே காயாது. அடியில் ஜல்லி போட்டால் நீர் நன்றாக வடியும் என்பதும் தவறு. நுண்துளை மண்ணிலிருந்து நீர் ஜல்லிக்கு எளிதில் இறங்காது. ஈரம் வேருக்கு அருகிலேயே தங்கிவிடும். தொட்டியின் அடியில் துளை இருந்தால் போதும்.

இனி நாள் கணக்கு வேண்டாம். விரலை 4 செ.மீ. ஆழத்துக்கு விட்டு, அங்கே ஈரம் இல்லையென்றால் மட்டும் அடித்துளை வழியே வடியும்வரை ஊற்றுங்கள். தட்டில் தேங்கும் நீரைக் கொட்டிவிடுங்கள். புதுத் தளிர் வரும்வரை உரம் வைக்கவே கூடாது.

கேள்வி: மஞ்சள் ஓர ஸ்னேக் பிளாண்ட் இலையை வெட்டி நட்டேன். முளைத்ததெல்லாம் வெறும் பச்சை. ஏன்?

பதில்: அந்த மஞ்சள், இலையின் எல்லாத் திசுக்களிலும் இல்லை. மரபமைப்பு வேறுபட்ட இருவகைத் திசுக்கள் அருகருகே அமைந்த செடி அது. இலைத் துண்டிலிருந்து வரும் கன்று பச்சைத் திசுவிலிருந்து பிறப்பதால் ஓர மஞ்சள் தொலைந்துவிடுகிறது. மஞ்சள் வேண்டுமானால் கிழங்குத் தண்டோடு பக்கக்கன்றைப் பிரித்து நடுவதே வழி.

கேள்வி: மான்ஸ்டெரா இலையில் ஓட்டை விழவே இல்லையே?

பதில்: இளஞ்செடி என்றால் பொறுத்திருங்கள். வளர்ந்த செடி என்றால் வெளிச்சம் போதவில்லை. நேரடி வெயில் படாத, வெளிச்சமான ஜன்னலோரத்துக்கு மாற்றி, ஏறுவதற்குப் பாசி சுற்றிய கம்பு ஒன்று நட்டுவிடுங்கள். ஏற்கெனவே விரிந்த இலைகளில் ஓட்டை வராது. இனி வருபவற்றைப் பாருங்கள்.

கேள்வி: வீட்டில் பூனை இருக்கிறது. இந்தச் செடிகளை வைக்கலாமா?

பதில்: மணி பிளாண்ட், பிலோடென்ட்ரான், மான்ஸ்டெரா மூன்றிலும் ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் உண்டு. கடித்தால் வாய் எரிந்து எச்சில் ஒழுகும், வாந்தியும் வரலாம். எட்டாத உயரத்தில் தொங்கவிடுங்கள். பூனை எங்கும் ஏறும் ரகமென்றால் ஸ்பைடர் பிளாண்ட், கலாத்தியா போன்ற நச்சில்லாதவற்றுக்கு மாறுவது நல்லது.